ஏழு பாட்டன்மார் ஜாமீன்

கொச்கோர் கால்நடைச் சந்தையில் ஷெய்ஷெனைத் தெரியாதவன் என்றால் ஒன்று வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லை ஆடு திருடுகிறவனாக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன். லாரியில் ஆடு தூக்கிப் போட்டுப் பிழைப்பைத் தொடங்கினவர். இன்றைக்கு அவர் போனுக்குள்ளேயே ஒரு சந்தை நடக்கிறது. விற்கிறவன் குதிரையை வீடியோ எடுத்துக் குழுவில் போடுவான், வேண்டியவன் விலை சொல்லுவான், அடுத்தவன் ஏற்றுவான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஷெய்ஷென் தன் குரலில் "முடிஞ்சுது" என்று போட்டால் முடிந்ததுதான். பட்டணத்தில் கம்ப்யூட்டர் படித்த பையன்கள் இதே மாதிரி இரண்டு ஏலக் குழு தொடங்கிப் பார்த்தார்கள். ஒன்று பனிக்காலத்தைத் தாண்டவில்லை. இன்னொன்று பனிக்காலத்தையே பார்க்கவில்லை.

காரணம் கேட்டால் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். "அவனுங்க பாஸ்போர்ட் கேட்டானுங்க. நான் பாட்டன்மாரைக் கேக்கறேன். பாஸ்போர்ட்டை எவன் வேணா அடிச்சுத் தருவான். ஏழு பாட்டனை எந்தக் கடையில போய் அடிப்பான்?"

விஷயம் இதுதான். புதிதாக விற்க வருகிறவன் தன் பெயர், ஊர், அதோடு தன் வம்சத்தில் ஏழு தலைமுறை ஆண்களின் பெயர் எல்லாவற்றையும் தன் குரலில் பதிந்து அனுப்ப வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது பேச்சு வந்த கையோடு வந்துவிடும். அந்த ஏழு பெயர் சொல்லத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்போம். விற்கிறவன் ஏமாற்றினால் ஏழு பேர் பெயரும் கெடும். ஷெய்ஷெனின் ஏலத்துக்கு அந்த ஏழு பேர்தான் ஜாமீன்.

பனி உருகி மேய்ச்சல் மேட்டுக்கு வழி திறக்கிற சமயத்தில் ஐஜார்கின் அவர் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் சமையல்காரி, புருஷனை இழந்தவள். கூடவே அவள் கொழுந்தன் எர்மெக். மல்யுத்தத்தில் காது மடங்கிப் போனவன், நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி முனகும்.

"பெரியவரே, குதிரை வரலை" என்றாள்.

"எந்தக் குதிரை?"

"குட்டியோட செவலைப் பெட்டை. உங்க ஏலத்துலதான் எடுத்தேன். காசு போன அன்னிக்கே அந்தாளு போனும் அணைஞ்சு போச்சு."

ஷெய்ஷென் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவள் ஆட்டை எல்லாம் விற்று அந்தக் குதிரையை எடுத்திருந்தாள். கோடை முழுக்கக் கறந்து, பாலைப் புளிக்கவைத்து, சாலையோரம் குமிஸ் விற்றுக் காலம் தள்ளலாம் என்று கணக்கு. குதிரை இல்லையென்றால் மாஸ்கோவில் மாடிப்படி துடைக்கும் வேலை காத்திருக்கிறது. ஆறு வயது மகளை யாரிடம் விட்டுப் போவது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவன் பேரு, ஊரு, நம்பரு எல்லாம் உங்ககிட்ட இருக்கும்ல. குடுங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றான் எர்மெக்.

"விக்கிறவன் விவரத்தை நான் வெளியே விடறதில்லை தம்பி. குடுத்தா என்ன பண்ணுவே?"

"பேசுவேன்."

"வாயாலயா?"

"முதல்ல வாயால."

ஷெய்ஷென் யோசித்தார். அவன் ஏமாற்றுக்காரன்தானா, இல்லை நோயில் விழுந்து கிடக்கிறானா, போனைத் தொலைத்துவிட்டானா? இன்னும் இரண்டு நாள் பொறுத்து, தானே போய்ப் பார்த்து வரலாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் மனைவி குல்பைரா மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்: "ஏழு பாட்டன், ஏழு பாட்டன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்களே. அதுல ஒரு பாட்டனாவது குதிரையைப் பிடிச்சுட்டு வந்து விட்டாரா?"

அது சுட்டது. லாரியில் ஆடு தூக்கின காலத்தில்கூட அவரை யார் பேச்சும் அப்படிச் சுட்டதில்லை.

"ஷெய்ஷென் கையிலேருந்து எவனும் தப்ப முடியாது. கேட்டுக்கோ. பேரு ஓமுர்பெக். கணவாய் தாண்டி கரா-தொபோ கிராமம். போய்க் கேளு, வீட்டைக் காட்டுவாங்க" என்றார். நம்பரையும் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு இரண்டு பேரும் அன்றைக்கே வண்டி ஏறினார்கள்.

அவர்கள் போன பிறகு மனைவிக்குப் பதில் சொல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனை எடுத்து அந்தப் பழைய குரல் பதிவை சத்தமாக வைத்தார். "நீயே கேளு. ஒரு இடத்துல திக்கறானா பாரு."

திக்கவில்லை. ஏழு பெயரும் சுத்தமாக வந்தன. ஆனால் பாதியிலேயே ஷெய்ஷெனின் முகம் மாறிவிட்டது. அந்தக் குரல் ஏழாம் பாட்டனில் தொடங்கிப் படிப்படியாகத் தகப்பனுக்கு இறங்கி வந்தது. பெற்ற பிள்ளை அப்படிச் சொல்ல மாட்டான். தன் தகப்பனில் தொடங்கி மேலே ஏறுவான், எல்லாக் குழந்தையும் அப்படித்தான் பழகும். மேலிருந்து இறங்குவது இழவு விருந்தில் பெரியவர்கள் எழுந்து நின்று சொல்லுகிற முறை. இந்த ஆள் அதைப் பந்தியில் உட்கார்ந்து காதால் கேட்டவன். முதல் தடவை இதைக் கேட்டபோது ஷெய்ஷென் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். ஏழு வருகிறதா என்று எண்ணினாரே தவிர, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை.

"பேரு சரி. ஆளுதான் வேற" என்றார் மெதுவாக.

"அப்போ அந்த எர்மெக் யார் கழுத்தைப் பிடிக்கப் போறான்?" என்று கேட்டாள் குல்பைரா. மாவுக் கை அப்படியே நின்றது.

ஐஜார்கினுக்குப் போன் போட்டார். லைன் போகவில்லை, கணவாயில் செல்போன் கோபுரம் கிடையாது. காரை எடுத்தார்.

கரா-தொபோவில் வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டம் நின்ற இடம்தான் வீடு. மண்சுவருக்கு மேலே வரிசையாகத் தலைகள். முற்றத்தில் ஐஜார்கின் ஒரு பக்கம் நிற்க, எர்மெக் ஒரு ஒல்லி மனிதரின் சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்தான். அந்த மனிதர் கத்தவில்லை, திமிறவில்லை. "கையை எடு தம்பி. எந்தக் குதிரைன்னு முதல்ல சொல்லு. ஊரு பாக்குது" என்றார்.

"விடுடா அவரை" என்றார் ஷெய்ஷென்.

"நீங்கதானே பேரு குடுத்தீங்க?"

"குடுத்தேன். சந்தேகப்பட்டுக் குடுத்தேன். நீ தீர்ப்புன்னு வாங்கிட்டு வந்துட்டே."

சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. தீர்ப்பு மாதிரிதான் கொடுத்திருந்தார். எர்மெக் கையை எடுத்தான். ஷெய்ஷென் அந்த மனிதரிடம் ஏழு பேரைச் சொல்லச் சொன்னார். ஓமுர்பெக் தகப்பனில் தொடங்கி மூச்சு விடாமல் மேலே ஏறினார். அதே ஏழு பேர். பிறகு ஷெய்ஷென் போனில் இருந்த குரலை வைத்தார்.

மூன்றாவது பெயர் வருவதற்குள் ஓமுர்பெக் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"சமத். என் தங்கச்சி மவன். புருஷன் விட்டுட்டுப் போனதும் அவ இங்கதான் வந்தா. இந்த வீட்டு இழவு, இந்த வீட்டு விருந்து எல்லாத்துலயும் தேநீர் ஊத்தினவன் அவன். அவனோட அப்பன் வழி ஏழு பேரு அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரலை. எங்களோடதுதான் காதுல விழுந்துச்சு."

"எங்கே இருக்கான்? விலாசம் சொல்லுங்க" என்றான் எர்மெக்.

ஓமுர்பெக் அவன் கைகளைப் பார்த்தார். அப்புறம் ஷெய்ஷெனைப் பார்த்தார். "சொல்லலாமா பெரியவரே? நீங்க சொல்லிப் பாத்தவராச்சே."

ஷெய்ஷென் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஓமுர்பெக் எழுந்து கொட்டிலுக்குள் போய் ஒரு பெட்டைக் குதிரையைக் கயிற்றோடு பிடித்து வந்தார். பின்னாலேயே குட்டி. கொட்டிலில் வேறு குதிரை இல்லை. "நீங்க ஜாமீன் வாங்கினது எங்க ஏழு பேரை. அவங்க பேரைச் சொல்லிப் போனது அவங்க வீட்டுலேருந்தே வரட்டும்" என்று கயிற்றை ஐஜார்கினிடம் நீட்டினார்.

அவள் குதிரையை வெகுநேரம் பார்த்தாள். வேண்டும் என்கிற ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வாசலில் ஓமுர்பெக்கின் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவள் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "இது இந்தப் பிள்ளைங்க குடிக்கிற பால் அண்ணே. நான் வாங்க மாட்டேன்."

அப்போதுதான் ஷெய்ஷெனுக்குப் பழைய குரல் திரும்பியது. "கட்டுங்க அதை. என் ஏலத்துல நடந்த தப்புக்கு ஊரான் குதிரை குடுப்பான், நான் கையைக் கட்டிட்டு வேடிக்கை பாப்பேனா? என்கிட்ட ஒம்பது பெட்டைக் குதிரை இருக்கு. எதை வேணா பொறுக்கிக்கோ, பொண்ணே."

ஆறுதான் இருந்தது.

சமத் இருக்கும் இடத்தை ஐஜார்கின் கடைசிவரை கேட்கவில்லை. "என்கிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சா இவனுக்குத் தெரிஞ்சுடும்" என்று கொழுந்தனைக் காட்டினாள். ஓமுர்பெக்கும் ஷெய்ஷெனும் ஒரே காரில் காவல் நிலையத்துக்குப் போனார்கள். குரலையும் விலாசத்தையும் அங்கே கொடுத்தார்கள். சொந்த மருமகன் பெயரைச் சொல்லும்போது ஓமுர்பெக்கின் குரல் உள்ளே போய்விட்டது. எழுதுகிற அதிகாரி இரண்டு தடவை கேட்டார். வெளியே வந்ததும் ஷெய்ஷென் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார்: "கரா-தொபோ ஓமுர்பெக் சுத்தமான ஆளு. அவர் பேரை இன்னொருத்தன் திருடியிருக்கான். மாத்திப் பேசறவன் என்கிட்ட வந்து பேசட்டும்." திருடினவனுக்குக் கதவு திறந்துவிட்டது யார் என்று அதில் இல்லை. கேட்டவர்களுக்கு அது புரியாமல் இல்லை.

ஐஜார்கின் பொறுக்கியது இருந்ததிலேயே நல்ல குதிரை. சமையல்காரிக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. ஷெய்ஷெனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இப்போது அவர் பாஸ்போர்ட்டும் கேட்கிறார், பாட்டன்மாரையும் கேட்கிறார். பாஸ்போர்ட் கேட்கிற வழக்கத்தைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று சந்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாராவது வந்து விற்றவன் விவரம் வேண்டும் என்றால் மட்டும் போனைப் பையிலிருந்து எடுப்பதில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "நட, நானும் வரேன்" என்கிறார்.

அந்தக் கோடையில் கணவாய்ச் சாலையில் ஐஜார்கினின் கூடாரத்துக்கு முன்னால் காரை நிறுத்தினார். மகள் குட்டிக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருந்தாள். ஐஜார்கின் கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற லாரிக்காரனிடம் ஷெய்ஷென் மீசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குடிச்சுப் பாரு. என் குதிரைப் பால்."

"என் குதிரை, பெரியவரே" என்றாள் ஐஜார்கின்.

"சரி, உன் குதிரை" என்று கிண்ணத்தை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."