கல்லான பிள்ளையும் மூன்று படங்களும்

எனக்குக் கல்யாணமான வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில் மாயாஜாலத் தொடர்கதை ஒன்று ஆரம்பித்தது. நான் மல்லாங்கிணற்றில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வாக்கப்பட்டது எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் கணவர் பருத்தியும் கம்பும் போடுகிற சம்சாரி. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வந்த புதிதில் என்னோடு என்ன பேசுவதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தக் கதைதான் எங்களைப் பேச வைத்தது.

வியாழக்கிழமை பஸ்ஸில் பத்திரிகை வரும். அவர் ரோட்டுக் கடையில் வாங்கி, நடந்து வரும்போதே படித்து முடித்துவிடுவார். வீட்டுக்குள் நுழையும்போது முகத்தை வைத்தே அந்த வாரம் நல்ல வாரமா கெட்ட வாரமா என்று கண்டுபிடித்துவிடுவேன்.

"சொல்லிப்புடாதீக, நானே படிச்சுக்கிறேன்" என்பேன்.

"நான் வாயே தொறக்கல" என்பார்.

கதை இதுதான். ஒரு நாட்டின் ஆற்றை மந்திரவாதி ஒருவன் களவாடிச் செப்புக் குடத்தில் அடைத்துவிடுகிறான். தடுக்கப் போன ராணியின் கண் முன்னாலேயே அவளுடைய சின்ன மகளைக் கல்லாக்கிவிடுகிறான். ராணி அந்தக் கல்லை இடுப்பில் தூக்கிக்கொண்டு குடத்தைத் தேடிப் புறப்படுகிறாள். மூன்று வருஷத்துக்கு மேல் நடந்த கதை. கடைசி வாரத்தில் ஆறு திரும்பி வரும். தண்ணீர் பட்டதும் கல் பிள்ளையாகி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "யம்மா, பசிக்குது" என்று சொல்லும். அந்த வாரம் அவர் பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். அப்போது எங்கள் மகள் கைப்பிள்ளை. அவளை மடியில் போட்டுக்கொண்டுதான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். பிறகு எல்லா வாரத்தையும் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் மூன்று புத்தகமாகத் தைத்து வைத்தேன்.

அந்தக் கதையைப் படமாக எடுக்கப்போகிறார்கள், ஒரே படத்தில் அடங்காது, மூன்று பாகமாக வரும் என்று செய்தி வந்தபோது எங்கள் ஊரில் நம்பியவர்கள் குறைவு. முதல் பாகம் அருப்புக்கோட்டைக்கு வந்தபோது மகளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. மூன்று பேரும் மதியக் காட்சிக்குப் போனோம். அந்தத் தியேட்டரில் பெண்களுக்குத் தனிப்பக்கம், நடுவில் இடுப்பளவு சுவர். அவர் அந்தப் பக்கம். நானும் மகளும் இந்தப் பக்கம்.

படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுத்த வீட்டு மதினி கதை படித்ததில்லை, நான் சொல்லக் கேட்டவள். "ராணி என்ன அம்புட்டு நகைய மாட்டிக்கிட்டுக் காட்டுல திரியுறா? நீ சொன்ன ராணி இவ இல்ல" என்றாள். மந்திரவாதி சிரித்துச் சிரித்தே நேரத்தைப் போக்கிவிட்டான் என்று என் கணவருக்குக் குறை. எனக்கு ஆறு வற்றுகிற இடம் பிடித்திருந்தது. மணலில் மீன்கள் துள்ளித் துள்ளி அடங்குவதைக் காட்டினார்கள். கதையில் அது ஒரு வரிதான்.

மகளுக்கு வேறு எதுவும் நினைவில் நிற்கவில்லை. கல்லான பிள்ளைதான். பஸ்ஸில் என் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "யம்மா, அந்தப் பாப்பா எப்ப முழிக்கும்?"

"மூணாவது படத்துல முழிச்சிரும்."

"அதுவரைக்கும் அதுக்குப் பசிக்காதா?"

அவள் அப்பா சிரித்துவிட்டார். "அதெல்லாம் பசிக்காது. அவுக அம்மா இடுப்புலதான இருக்கு" என்றார்.

மறு வருஷம் ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். இரண்டாம் நாள் தண்ணீர் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் தொண்டைக்குள் வெள்ளையாகப் படர்ந்து மூச்சு கரகரவென்று இழுத்தது. மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. வண்டி கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, பஸ்ஸைப் பிடித்து, டவுனில் டாக்டரிடம் போய்ச் சேரப் பகல் பன்னிரண்டாகிவிட்டது. தொண்டை அடைப்பான் என்றார்கள். ஊசி போட்டார்கள். மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

செத்த உடம்பை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். வாடகைக்கு ஒரு வண்டி பிடிக்கலாம் என்றால் அந்த மழையில் எவனும் வருவதாயில்லை. என் கணவர் மகளைத் துண்டால் போர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் நின்று என்னிடம் சொன்னார்.

"ஏத்தா, ஊரு போற வரைக்கும் அழுதுராத. தூங்குறான்னு நெனைக்கட்டும்."

நான் அழவில்லை. கண்டக்டர் டிக்கெட் கிழித்தபோது, "பாப்பா நல்லாத் தூங்குது போல" என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த ஒரு பொம்பளை, மழைச் சாரல் அடிக்கிறதே என்று மகளின் காலைத் தன் சேலைத் தலைப்பால் மூடிவிட்டாள். நான் என் பல்லை இறுக்கிக்கொண்டு, எதிர் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்கு வந்த பிறகு எல்லோரும் அழுதார்கள். எனக்குத்தான் வரவில்லை. ஆம்பிளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு என் கணவர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேரைச் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து மகன் பிறந்தான். அவனைத் தூக்கும்போதும் கொஞ்சும்போதும் நாங்கள் இருவரும் ஜாக்கிரதையாகவே இருந்தோம்.

இரண்டாம் பாகம் வந்தபோது நான் போகவில்லை. போனவர்கள் திட்டிக்கொண்டு வந்தார்கள். சண்டை இல்லை, மந்திரம் இல்லை, பொட்டல் காட்டில் ராணி கல்லைச் சுமந்துகொண்டு நடந்துகொண்டே இருக்கிறாள், அதற்கு ஒரு படமா என்றார்கள். "எம் பிள்ளைக உக்காந்த எடத்துலயே தூங்கிப்போச்சுக" என்றாள் மதினி. படம் ஒரு வாரத்தில் டவுனை விட்டுப் போய்விட்டது. மூன்றாவது பாகம் எடுக்கவே மாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் எடுத்தார்கள். வெகுநாள் கழித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. ஒருநாள் சாப்பிட்டு எழுந்தவர், "நாளைக்கு டவுனுக்குப் போவமா? அந்தப் படம் வந்திருக்கு" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "போவோம்" என்றேன். எனக்கு வேண்டியது அந்தக் கடைசிக் காட்சி மட்டும்தான். தண்ணீர் பட்டுப் பிள்ளை எழுந்திருப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். மகனை மதினியிடம் விட்டுவிட்டுப் போனோம்.

குடம் உடைந்தது. ஆறு வந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கம் மழையே இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. திரையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்ததும் ஆம்பிளைகள் பக்கம் எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்தப் பக்கம் ஒரு கிழவி குலவையே போட்டாள். ராணி கல்லை ஆற்றுக்குள் இறக்கி வைத்தாள். தண்ணீர் அதன் காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது, தலைக்கு மேலே ஓடியது. கல் கல்லாகவே இருந்தது. ராணி கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தாள். கரையில் ஜனங்கள் குடம் குடமாக மொண்டு போனார்கள். அதோடு படத்தை முடித்துவிட்டார்கள்.

விளக்கைப் போட்டார்கள். பிறகு விசில், கூச்சல். ஒருவன் சீட்டை உதைத்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதிப் பேர் படம் பார்த்தவர்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கொதித்துப்போயிருந்தார். "கதைய எழுதுனவன் மடையனா? மூணு வருசம் படிச்சவன் மடையனா? இவுக இஷ்டத்துக்கு மாத்துவாகளாம்!"

முன் சீட்டில் இருந்தவர், "ஆறு வந்துருச்சுல்ல, அது போதாதா?" என்றார்.

"பிள்ளை வரலையே. ஆறு மட்டும் வந்து என்னத்துக்கு?"

எங்கும் எதுவும் பேசாத என் கணவர் வாயைத் திறந்தார். "சார், படத்துல இருக்கிறதுதான் சரி. கதையில பொய்யா எழுதிட்டாக."

வாத்தியார் ஏதோ பதில் சொன்னார். என் காதில் விழவில்லை. ரோட்டில் இறங்கி ஊர்ப் பாதையில் நடக்க ஆரம்பித்ததும் நான் கேட்டேன். "எது பொய்? பிள்ளை எந்திரிச்சா உங்களுக்கு என்ன?"

"எந்திரிக்காதுல்ல."

"கதைதான? கதையிலயாவது எந்திரிச்சிட்டுப் போகட்டுமே. அதுகூட ஆகாதா உங்களுக்கு?"

அவர் நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் காய்ந்த பருத்திமார் நின்ற காடு. "ரெண்டாவது படத்த நான் மூணு தடவ பாத்தேன்" என்றார். "பருத்தி லோடு கொண்டு போறேன்னு சொல்லிட்டு. ராணி அந்தக் கல்லைத் துணியில சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு ஊரூரா நடப்பா. பாக்குறவுக எல்லாம் பிள்ளை தூங்குதான்னு கேப்பாக. அவ ஆமான்னு சொல்லுவா. அத பாக்கத்தான் போனேன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு பஸ்ஸுல எந் தோள்ல அவ கனம் ஏறிக்கிட்டே வந்துச்சு. ஒன்ட்டயும் சொல்லல, யார்ட்டயும் சொல்லல. ஒன்னயும் அழக்கூடாதுன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது."

பிறகு மகளின் பேரைச் சொன்னார். ஆறேழு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரை அவர் வாயால் கேட்டேன். நான் பாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். விறகு பொறுக்கப் போய்த் திரும்பிய பெண்கள் பார்த்துவிட்டு, என்ன ஏதென்று கேட்காமல் ஒதுங்கிப் போனார்கள். அவர் என்னை எழுப்பவில்லை. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகும் எங்கள் கருத்து ஒத்துப்போகவில்லை. எழுதியிருந்தபடியே எடுத்திருக்க வேண்டும் என்று நான் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் அதை வாங்கிப் படித்தார். "ஒனக்குப் பட்டத எழுதியிருக்க. இருக்கட்டும்" என்று அவரே கொண்டுபோய்த் தபாலில் போட்டார். திட்டியும் பாராட்டியும் பல ஊர்க்காரர்கள் எழுதியது பத்திரிகையில் வந்தது. என்னுடையது வரவில்லை.

அடுத்த ஆடியில் ஓடைக்கரைக்கு என்னையும் கூட்டிப் போகச் சொன்னேன். பொம்பளைகள் அங்கே போகிற வழக்கமில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டார். போய்ப் பார்த்தால் கரை முழுக்கக் கருவேல முள் அடைத்துக் கிடந்தது. அடையாளத்துக்கு வைத்திருந்த கல்லைக் காணவில்லை. வெள்ளம் புரட்டியிருக்கலாம், யாராவது எடுத்திருக்கலாம். அவர் இங்கே நின்று பார்த்தார், அங்கே நின்று பார்த்தார்.

"எந்த எடம்னு தெரியலையேத்தா" என்றார்.

"தெரியாட்டிப் போகுது. இங்கனதான இருக்கா" என்றேன்.

அவர் முள்ளை வெட்ட ஆரம்பித்தார். நான் கவைக்கம்பால் இழுத்து ஒதுக்கினேன். வெயில் சாய்வதற்குள் அந்தக் கரையில் ஒரு பாத்தி அளவு இடத்தைச் சுத்தமாக்கிவிட்டோம்.