கிணற்றுக்குள் கேட்ட அத்தான் குரல்

இது கதையில்லை, நடந்தது. நம்பாதவர்கள் என் இடது காதருகே வந்து கத்திப் பாருங்கள். ஒன்றும் கேட்காது. அந்தக் காது போனது பட்டப்பகல் மூன்றேகால் மணிக்கு. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது?

எண்ணெய்க் கிணற்றில் எனக்கு ஒட்டுக்கேட்கிற வேலை. கிணறு இரண்டு கிலோமீட்டர் நேராக இறங்கி, பிறகு படுத்தவாக்கில் பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் ஓடும். கேபிளில் மைக்கைக் கட்டி உள்ளே அனுப்பி, எண்ணெய் எந்த இடத்தில் வருகிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். மைக் நகர்ந்தால் உரசல்தான் கேட்கும். அதனால் பத்து மீட்டருக்கு ஒருதரம், கேபிளை இறக்குகிற வின்ச்சை நிறுத்த வேண்டும். நிறுத்துகிறவர் என் அக்கா புருஷன். ஒரே கேபினில் நகமும் சதையுமாக இருந்தோம்.

2,840 மீட்டர். களகளவென்று எண்ணெய் கேட்கும் என்று ஹெட்போனை மாட்டிக் காத்திருந்தேன்.

டங்… இரும்பு தரையில் மோதும் சத்தம். பிறகு சதையில் அடிகள். சேர்த்து ஐந்து. நடுவில் ஒரு ஆள் அலறினார்.

"விடுறா… செத்துருவேன்டா…"

கடைசி அடியோடு அலறல் நின்றுவிட்டது.

அது அத்தான் குரல். அத்தானோ எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பதிவானதை ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன மாப்ள, ரேடியோ பிடிக்குதா?"

சத்தத்தைக் கூட்டினேன். அடிக்கிறவன் குரலும் கேட்டது.

"செத்துத் தொலை."

என் குரல்.

அத்தான் முகம் வெளிறியது. "என்னைக் கொல்லப் போறியாடா?" என்று ஸ்பேனரைத் தூக்கினார். நான் வாயைத் திறக்கும் முன் இடது காதில் இறங்கியது. ரத்தம் கழுத்தில் வழிந்தது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. மூலையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்தேன்.

முதல் அடி தரையில் விழுந்தது. டங்…

இரண்டு. முழங்கால் நொறுங்கியது.

மூன்று.

"விடுறா… செத்துருவேன்டா…"

"செத்துத் தொலை."

நான்கு.

ஓங்கிய கை… நின்றது. அடுத்தது ஐந்தாவது. குழாயை வெளியே வீசினேன்.

அத்தான் பிழைத்தார். அக்காவுக்காக, விபத்து என்றே இருவரும் சொன்னோம்.

போன வாரம் ஆபீசில் யாருக்கும் தெரியாமல் அந்தப் பதிவின் இரைச்சலை நீக்கிப் போட்டுக் கேட்டேன். நான்காவது அடிக்கும் ஐந்தாவது அடிக்கும் நடுவே ஒரு பெண் குரல்.

"தம்பி, வேணாம்டா…"

அக்கா. அவள் கிணற்றுப் பக்கம் வந்ததே இல்லை.

அன்றிலிருந்து பேசிக்கொள்ளாத எங்களைச் சமாதானப்படுத்த இன்று அத்தானை என் வீட்டுக்குக் கூட்டி வருகிறாள். வராதே என்றேன், கேட்கவில்லை. வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அத்தானின் இரும்பு ஊன்றுகோலை மறந்தே போனேன்.

மாடிப்படியில் ஏறி வருகிறது.

டங்… டங்…