உப்புப் பூத்த வயலுக்கு ஒரு பட்டப்படிப்பு

என் மார்க்கத்துச் சகோதரிகளே, உங்கள் வீடுகளில் அமைதி தங்கட்டும். முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவள் நான். அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு உதவியை மட்டும் சொன்னால் பாதி பொய்யாகிவிடும்.

எங்கள் பக்கம் கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு மிச்சம் இருந்தால்தான் எங்களிடம் வரும். அது குறையக் குறைய, இந்தப் பக்கம் கடல் நிலத்தடியில் ஏறிக்கொண்டே இருக்கிறது. வயலெல்லாம் உப்பு. விதைத்த நெல் கூடத் திரும்பாத வயல்கள் இருக்கின்றன. இந்த மண்ணை எப்படித் தேற்றுவது, எந்த நெல் இதைத் தாங்கும், மழைத் தண்ணீரை எப்படி நிறுத்தி உப்பைக் கழுவுவது என்று முறையாகப் படிக்க எங்கள் வட்டாரத்தில் ஒரு படிப்பு கிடையாது. உவர்நில மேலாண்மை என்று ஒரு பி.எஸ்சி. படிப்பு தொடங்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம், என்ன ஆய்வகம், எந்த வயலில் செய்முறை என்று உட்கார்ந்து எழுதினேன். ஒரு வயலின் மண்ணை மாதாமாதம் எடுத்துச் சோதித்து, உப்பு எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதையும் சேர்த்து வைத்தேன்.

அந்த வயல் செல்வராசு அண்ணனுடையது. கல்லூரிக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டினால் அவர் நிலம், மூணு மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். அவர் மகள் தமிழரசி பிளஸ் டூ முடித்திருந்தாள். நான் மண் எடுக்கப் போகும்போதெல்லாம் கூடவே வருவாள். வேறு எங்கேயும் சேர வேண்டாம், அடுத்த ஜூனில் நம் கல்லூரியிலேயே இந்தப் படிப்பு வந்துவிடும் என்று அவளிடம் சொன்னது நான். என் வார்த்தையை நம்பி அந்தப் பெண் ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். கையேந்திக் கேட்கிற என் துஆ முழுக்க அவளுக்காகத்தான். படிப்புக்கு அனுமதி வராவிட்டால் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள்.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பத்தோடு போனபோதே எனக்கு ரத்தம் கொதித்தது. இதைப் படிக்கத் தஞ்சாவூருக்கே வரலாமே, உங்கள் ஆட்கள் பெண்களை வெளியே விடமாட்டார்கள், அதனால்தான் வாசலிலேயே படிப்புக் கேட்கிறீர்கள் என்று அங்கே ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சகோதரிகளே, எங்கள் வீடுகளில் பூட்டு இல்லை. காலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாத ஊர் இது. தமிழரசி வீட்டிலும் அதே கதைதான், அவள் எங்கள் ஆள் கூட இல்லை. இதையெல்லாம் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

படிப்புக்கு அனுமதி தருவதற்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வுக்குழு நேரில் வந்து பார்க்கும். எந்த மாதம் வரலாம் என்று கல்லூரியைக் கேட்டார்கள். பங்குனி என்று சொல்லுங்கள் என்றேன் நான். கோடையில்தான் உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். ஆனால் எங்கள் தாளாளர் ஹாஜியார் நல்ல மனுஷர், அதுதான் சிக்கல். யார் வந்தாலும் வாசலைக் கழுவி, இருப்பதில் நல்லதை எடுத்து முன்னால் வைக்கிற மனுஷர்.

"ஏம்மா, விருந்தாளியக் கூப்பிட்டு உக்கார வச்சு வீட்டு அழுக்கையா காட்டுவாங்க? ஐப்பசில வரச் சொல்லியிருக்கேன். பச்சைப் பசேல்னு இருக்கும், வர்றவங்களுக்கும் மனசு குளிரும்" என்றார்.

நான் மன்றாடினேன். இது கல்யாண வீடு இல்லை, நோயைக் காட்டத்தான் அவர்களைக் கூப்பிடுகிறோம் என்றேன். கேட்கவில்லை.

ஐப்பசியில் வந்தார்கள். அடை மழை. வயலில் கணுக்காலளவு தண்ணீர், அதில் சம்பா நாற்று நட்டு வேர் பிடித்துப் பச்சையாக நிற்கிறது. அந்த மழையில் உப்பெல்லாம் கரைந்து மண்ணுக்குக் கீழே இறங்கியிருக்கும், மேலே என்ன தெரியும்? குழுத் தலைவர் ஒரு பேராசிரியர். செருப்பில் சேறு படும் என்று வரப்பிலேயே நின்றுகொண்டார். கையிலிருந்த உப்பு அளக்கும் மீட்டரைக் குனிந்து ஓர் ஓரத்தில் முக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மேடம், இங்க உப்பே இல்லையே. இல்லாத நோய்க்கு ஆஸ்பத்திரி கட்டப் போறீங்களா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் மாதாமாதம் எடுத்த கணக்கெல்லாம் விண்ணப்பத்தோடு அவர் காரில்தான் கிடந்தது. ஒரு பக்கம் புரட்டியிருந்தால் போதும். புரட்டவில்லை. பிரியாணி சாப்பிடும்போது, பெண்கள் கல்லூரிதானே, மனையியல் கேளுங்கள், உடனே கொடுத்துவிடலாம் என்று எனக்கு யோசனை வேறு.

இப்பகுதியில் இப்படிப்பின் தேவை நிரூபிக்கப்படவில்லை என்று அறிக்கை வந்தது. அன்று மதியம் லுஹர் தொழுகையில், சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தவள் எழுந்திருக்க முடியாமல் அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

மறு ஆய்வு கேட்டு எழுதினேன். மார்கழியில் அனுமதி தருகிற கல்விக்குழு கூடுகிறது, அதற்குள் வந்து பாருங்கள் என்று கேட்டேன். அல்லாஹ்விடமும் அதைத்தான் கேட்டேன். யா அல்லாஹ், மார்கழிக்குள், மார்கழிக்குள் என்று ஒவ்வொரு தொழுகையிலும். பல்கலைக்கழகத்தில் இழுத்தடித்தார்கள். மேலே போயிருக்கிறது என்பார்கள். மேலே போய்க் கேட்டால் கீழேதான் இருக்கிறது என்பார்கள். பொங்கல் கழித்து வாங்க என்றார்கள். பொங்கல் கழித்துப் போனால் கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில். எத்தனை முறை தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன் என்று கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது.

வீட்டில் மாமி, சபர் பண்ணும்மா, பொறுமையா இரு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மார்க்கச் சொற்பொழிவு கேட்கப் பயானுக்குப் போனால் அங்கேயும் அதே. சபர் என்றால் வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? நான் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் துஆவில் அல்லாஹ்விடமே சண்டை போட்டேன். உன் மண்ணைத்தானே படிக்கக் கேட்கிறேன், ஏன் இப்படி ஆறப்போடுகிறாய் என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பயமாகவும் இருந்தது. ஆனால் மனதில் இருப்பது அவனுக்குத் தெரியும்தானே, அவனிடம் போய் நடிப்பானேன் என்று தோன்றியது.

மார்கழி போயிற்று. தை போயிற்று. மாசியில் ரமலான் நோன்பு தொடங்கியது. நோன்பு பாதியில், பங்குனி பிறந்த பிறகு உத்தரவு வந்தது. மறு ஆய்வு உண்டு, ஆனால் அதே குழு, அதே தலைவர். வேறு ஆளை அனுப்பு என்று கேட்டிருந்த துஆவும் போயிற்று என்று கசந்துபோனேன். பங்குனி என்பது கூட அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை, அவ்வளவு கோபம்.

குழு வருவதற்கு முந்தின நாள், நோன்பு திறந்த கொஞ்ச நேரத்தில் ஹாஜியார் போன் செய்தார். வயலைப் போய்ப் பார்த்தாராம். அறுப்பு முடிந்து தாள் காய்ந்து, வெடித்து, வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறதாம், பார்க்கவே சகிக்கவில்லையாம்.

"செல்வராசுகிட்ட சொல்லிட்டேம்மா. விடியக்காலைல மோட்டாரப் போட்டு ஒரு தண்ணி பாய்ச்சிடுவான். கொஞ்சமாவது பாக்குற மாதிரி இருக்கட்டும்."

ஒரு தண்ணீர் பாய்ச்சினால் அந்த வெள்ளையெல்லாம் கரைந்து உள்ளே போய்விடும், மறுபடியும் உப்பே இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள் என்று கத்தாத குறையாகச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் நடக்கும் என்று சமாதானம் சொல்லி வைத்துவிட்டார். செல்வராசு அண்ணனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அவர் என்ன செய்வார்? மகளுக்கு இடம் கொடுக்க வேண்டியவர் ஹாஜியார். அவர் சொல்லைத் தட்ட முடியுமா?

விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டுக் கையேந்தினேன். அன்றைக்கு என்னிடம் நீளமான துஆ எதுவும் இல்லை. யா அல்லாஹ், அந்த உப்பை அப்படியே வை, என்னால் முடியவில்லை, நீ பார்த்துக்கொள். அவ்வளவுதான். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். எப்படியாவது காலில் விழுந்தாவது மோட்டாரை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று போனேன்.

மோட்டார் கொட்டகையில் செல்வராசு அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தமிழரசி. மோட்டார் சத்தமே இல்லை.

"மூணு மணிலேருந்து உக்காந்துருக்கேன் டீச்சர். த்ரீ பேஸ் கரண்ட் வரவே இல்ல. ஹாஜியார் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார்.

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இந்த டெல்டாவில் கரண்ட் வராததற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். விவசாயத்துக்கு முறை வைத்துக் கொடுக்கிற மின்சாரம் அது, இத்தனை மணிக்கு வரும் என்று சொல்லி வராமல் போவது ஒன்றும் அதிசயம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் தெரியும். வேறு எந்த நாள் வராமல் போனாலும் நானும் திட்டியிருப்பேன். அந்த ஒரு விடியலில் வரவில்லை. நான் கேட்டேன், அவன் கொடுத்தான். இதில் எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

குழு வந்தது. காய்ந்த வயல் என்பதால் தலைவர் இந்த முறை உள்ளே இறங்கி நடந்தார். நடக்க நடக்க அவருடைய கறுப்பு ஷூவின் ஓரமெல்லாம் வெள்ளையானது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். மண்ணை எடுத்துக் கரைத்து மீட்டரை வைத்தார். பார்த்தார். வேறொரு இடத்தில் வைத்தார். பிறகு வயலின் அந்தக் கோடி வரைக்கும் போய் அங்கேயும் வைத்தார். ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், விருந்தாளி முன்னால் மானம் போய்விட்ட மாதிரி.

"ஐப்பசில நாங்க பாத்தது இதே வயல்தானா?" என்று கேட்டார் தலைவர்.

"இதே வயல்தான் சார். மாசம்தான் வேற. மாசாமாசம் எழுதிக் குடுத்திருந்தேன், நீங்க படிச்சிருக்கலாம்" என்றேன்.

இன்னும் நிறைய வந்தது வாயில். நோன்பு வைத்த வாய் என்பதால் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார். அவர்கள் போய் வெகு நேரம் கழித்து, லுஹருக்குப் பிறகுதான் கரண்ட் வந்தது.

வைகாசிக் கடைசியில் அனுமதி வந்தது. குறைவான இடங்கள்தான் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த வருஷம் மறுபடியும் வந்து பார்ப்பார்களாம். வரட்டும். முதல் நாள் சேர்க்கையில் முதல் பெயர் தமிழரசி. இப்போது அவள் அப்பாவின் வயலிலேயே செய்முறை வகுப்பு நடக்கிறது.

நான் மார்கழிக்குள் கேட்டேன். மார்கழியில் வந்திருந்தால் அதே பச்சையைப் பார்த்து அதையே எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். வேறு ஆளைக் கேட்டேன். வேறு ஆள் வந்திருந்தால் இல்லாத நோய் என்று சொன்னவர் தன் வாயால் அந்த உப்பை ருசி பார்த்திருக்க மாட்டார். இதெல்லாம் இப்போது புரிகிறது. அதற்காக, பல்கலைக்கழகம் இழுத்தடித்ததும் சரிதான் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் செய்தது அநியாயம்தான். அந்த அநியாயத்தையும் ஒரு வழியாக்கியது அல்லாஹ், அவர்கள் இல்லை. என் நன்றி முழுவதும் அவனுக்குத்தான், அதில் கொஞ்சம் கூட அந்த அலுவலகத்துக்குப் போகாது.

என் தொழுகை மாறிவிட்டது. முன்பெல்லாம் நல்ல வார்த்தைகளாகத் தேடி எடுத்து அழகாகக் கேட்பேன். இப்போது எரிச்சலோடு போய் நின்றால் எரிச்சலோடே பேசுகிறேன். உங்களில் யாருக்காவது ஒரு படிப்போ, ஒரு வேலையோ, உங்களுக்குச் சேர வேண்டிய ஒன்றோ யாரோ ஒருவர் மேசையில் கிடந்தால், சபர் என்று சொல்லி உங்கள் வாயை யாராவது அடைக்க வந்தால், எழுந்து கை, முகம், கால் கழுவி ஒளூ செய்யுங்கள். கோபம் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தக் கோபத்தோடேயே அவன் முன்னால் போய் நில்லுங்கள், அவன் யாரையும் வாசலில் காக்க வைப்பதில்லை. தொழுதுவிட்டு, மறுநாள் அந்த மேசைக்கும் போய்க் கேளுங்கள்.

போன வாரம் வகுப்பு முடிந்து போகும்போது தமிழரசி நின்று, என்கூடப் படித்தவர்களெல்லாம் இப்போது இரண்டாம் வருஷம், என்னுடைய அந்த ஒரு வருஷம் எங்கே டீச்சர் போனது என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் இந்தப் பக்கம் வரவே இல்லை. அன்று மாலை அஸர் தொழுகையில் அவள் பெயரைச் சொல்லி, அந்த வருஷத்தை அவளுக்குத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். எப்படிக் கொடுப்பான் என்று எனக்குத் தெரியாது. கொடுக்கிற வரைக்கும் நான் விடப்போவதில்லை.