சந்தனம் வைத்த கம்ப்யூட்டரும் தனி டைரக்டரியும்

ஆயுத பூஜைக்கு உங்கள் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தீர்களா? நானும் வைப்பவன்தான். ஆனால் போன வாரம் ஒரு பொட்டு என்னைப் படாதபாடு படுத்திவிட்டது.

மூலக்குளத்தில் என் அண்ணி ஒரு நர்சரி பள்ளி நடத்துகிறார். அங்கே இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பிள்ளைகளின் வருகை, மார்க் எல்லாம் நான் எழுதிக்கொடுத்த பழைய புரோகிராமில் இருக்கின்றன. விஜயதசமி அன்று புதிதாகச் சேரும் குழந்தைகளுக்குத் தமிழில் பெயர் அச்சடித்த அட்டை தரவேண்டும் என்று அண்ணிக்கு ஆசை. அதற்கான என் புதுப் புரோகிராமுக்கு, அடித்தளமாக நிற்கும் ஃப்ரேம்வொர்க்கின் புது வெர்ஷன் வேண்டும். பழைய புரோகிராமோ பழைய வெர்ஷனில்தான் ஓடும்.

போன வருஷம் புதியதைப் பழையதன் மேலேயே போட்டேன். பழைய புரோகிராம் படுத்துவிட்டது. அதை நான் எழுப்புவதற்குள் அரையாண்டு ரிப்போர்ட் முழுவதையும் அண்ணி கையாலேயே எழுதி முடித்துவிட்டார்.

“தம்பி, இந்தத் தடவையும் கெட்டுச்சுன்னா உங்கள பொட்டியத் தொடவே விடமாட்டேன்” என்றார். சிரிக்காமல் சொன்னார்.

ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். புது வெர்ஷனை அதன் மூல நிரலான சோர்ஸ் கோடிலிருந்து நானே பில்ட் செய்து, அதாவது கட்டியெழுப்பி, தனி டைரக்டரியில் இன்ஸ்டால் செய்வது. பழையது இருக்கும் பக்கமே போகாது.

“மாடியில உங்களுக்குத் தனி அடுப்பு, கீழ அம்மாவுக்குத் தனி அடுப்பு இருக்குல்ல... அந்த மாதிரிதான் அண்ணி.”

“அப்டின்னா சண்ட வராது” என்றார்.

பூஜைக்கு முந்தின நாள் மாலை பில்டை ஓடவிட்டுக் கிளம்பினேன். மந்தமான மெஷின். மறுநாள் மதியம் வரை ஆகும். மறுநாள் பத்து மணிக்கு வந்து பார்த்தால்... திரை இருட்டு. பொட்டியைப் பளபளவென்று துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்து, மேலே கதம்பம் சாத்தியிருந்தது.

பாக்கியம் அக்காவின் வேலை. பள்ளி ஆபீஸைப் பார்த்துக்கொள்பவர். அரியாங்குப்பம் பக்கம் கடலோர ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறார்.

“யாரும் இல்லாம ஓடிக்கினு கெடந்துச்சு சார். நிறுத்திட்டுத் தொடச்சு வெச்சேன்.”

“அது வேலை செஞ்சிக்கிட்டிருந்துச்சுக்கா. மறுபடி போடணும்.”

“இன்னிக்கா? எங்க ஊட்டுக்காரரு படகே இன்னிக்குக் கடலுக்குப் போவல. பொட்டிக்கு என்னா அவசரம்?”

பொரியில் சர்க்கரை கலந்துகொண்டிருந்த அண்ணியைப் பார்த்தேன். யாரும் தொடமாட்டோம், அதுவாக ஓடும் என்று வாதாடினேன்.

“அதுவா செஞ்சாலும் வேல வேலதான தம்பி. நாளைக்குக் காலைல புனர்பூஜை முடியட்டும், அப்புறம் போடுங்க.”

எரிச்சலாக வந்தது. மறுநாள் ஒன்பது மணிக்குப் பெற்றோர்கள் வந்துவிடுவார்களே?

விடியற்காலை ஐந்துக்கு நான் போனபோது பாக்கியம் அக்கா கற்பூரத்தோடு தயாராக நின்றார். தீபாராதனை முடிந்தது. “இப்பப் போடுங்க சார்.”

நல்லவேளை, பில்ட் விட்ட இடத்திலிருந்தே தொடரும். மெஷினை நிறுத்தியபோது பாதி எழுதப்பட்டிருந்த ஒரு ஃபைல் மட்டும் தகராறு செய்தது. அதை அழித்ததும் ஓட ஆரம்பித்தது. எட்டு... எட்டேகால்... வாசலில் குழந்தைகளின் அழுகை கேட்டது. ரெடிமேட் பேக்கேஜைப் பழையதன் மேல் போட்டால் பத்தே நிமிடம்தான். கை துறுதுறுத்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எட்டு நாற்பதுக்கு பில்ட் முடிந்தது. தனி டைரக்டரியில் இன்ஸ்டால் செய்தேன். அண்ணி வந்தார். அட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“மொதல்ல பழசத் தெறங்க.”

திறந்தேன். கடைசிப் பிள்ளையின் கடைசி மார்க் வரை பார்த்தார். பிறகுதான், “சரி, அட்டையப் போடுங்க” என்றார். ‘யாழினி’ என்று முதல் அட்டை வெளியே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

புதியது குடிவரப் பழையதை இடிக்கவேண்டியதில்லை. தள்ளி ஓர் இடமும், கொஞ்சம் பொறுமையும் கொடுத்தால் போதும்.

“பாத்தீங்களா, ஒரு நாள் லீவு குடுத்ததுக்கு எப்டி ஓடுது” என்றார் பாக்கியம் அக்கா.

அடுத்த முறை பில்டை ஓடவிட்ட கையோடு பவர் பட்டன் மேல் நானே சந்தனம் வைத்துவிடப் போகிறேன் — பட்டனை அமுக்கினால் பொட்டு கலைந்துவிடும்; பாக்கியம் அக்கா எதை நிறுத்தினாலும் பொட்டை அழிக்கமாட்டார்.