கருப்பு டயல் வாட்ச்சின் உள்ளே

தன் அப்பாவின் வாட்ச்சைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று என் மகள் கேட்டாள். அவள் என் வயிற்றில் இருக்கும்போதே அவர் போய்விட்டார். அவரைத்தான் தொட்டதில்லை, அவர் கையில் கிடந்ததையாவது தொடுகிறேனே என்றாள். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவருக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் பார்ஜில் வேலை. ஒரு மழை நாளில் போனவர் திரும்பவில்லை. சில நாள் கழித்து முகத்துவாரக்குப்பத்தில் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கையில் வாட்ச் இருந்தது. கருப்பு டயல், சிவப்பு வினாடி முள். கப்பல்காரர்களிடம் வாங்கிய அதே மாதிரி வாட்ச் அப்போது துறைமுகத்தில் பலர் கையில் இருந்ததுதான். ஆனால் காணாமல் போனவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான் என்றார்கள். "இவர்தான்" என்றேன். யார் தோளிலும் சாயாமல் நின்று சொன்னேன். மூலக்கொத்தளம் மயானத்தில் புதைத்தோம். தாலியைக் கழற்றி வைத்தேன்.

மகளோடு வண்ணாரப்பேட்டையில் ஒரு வாட்ச் கடைக்குப் போனேன். போனதும் கடைக்காரரை அவள் மடக்கினாள்.

"அண்ணே, பழைய வாட்ச்ச குடுத்தா உள்ள கீறத எடுத்துகினு டூப்ளிகேட்டு போட்டுடறாங்களாமே. எது ஒரிஜினலு, எது மாத்துனதுன்னு என் கண்ணெதிர சொல்லு. அப்பால கைய வை."

"யம்மா, உன் பொண்ணு போலீஸுக்குப் போயிருக்கணும்" என்று கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே இருப்பது வேறு என்பது எனக்கு முன்பே தெரியும். கல்யாணமான புதிதில் அந்த வாட்ச் தண்ணீரில் விழுந்தது. அதே பேட்டையில் ஒரு பாயிடம் கொண்டுபோனோம். அவர்தான் பேசினார், நான் பக்கத்தில் நின்றேன்.

"இன்னா பாய், பொழைக்குமா?"

"மெஷினு பூட்ச்சு நைனா. வேற கம்பெனி மெஷினு கீது, போட்டுத் தரேன். வெளிய பார்த்தா ஒருத்தனுக்கும் தெரியாது."

"எம் பொண்டாட்டி எதிரவா சொல்ற? நாளைக்கு என்னயே டூப்ளிகேட்டுன்னுவா."

பாய் சிரித்துக்கொண்டே வேறு மெஷினைப் பொருத்தினார். மூடியின் உள்பக்கம் ஊசியால் ஒரு பிறை கீறினார். தான் கைவைத்த வாட்ச்சுக்கெல்லாம் அவர் போடும் அடையாளம் அது. என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பிறையை மறுபடி பார்க்கப்போகிறோம் என்று கடையில் குனிந்து நின்றேன். மூடி திறந்தது. கடைக்காரர் கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உப்புத் தண்ணி பூந்து துரு ஏறிகீது. ஆனா மெஷினு, டயலு, முள்ளு, கேசு, எல்லாமே ஒரே கம்பெனி. யாரும் கை வெச்சதே இல்ல. சுத்தமான ஒரிஜினலுமா!"

"பாத்தியா!" என்று மகள் என் தோளில் தட்டினாள்.

"மூடிய குடுங்க" என்றேன். உள்பக்கத்தை விரலால் தடவினேன். வழவழவென்றிருந்தது. லென்சை வாங்கி வைத்துப் பார்த்தேன். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், இங்கிலீஷ் வராது. ஆனால் டயலில் இருக்கும் எழுத்தும் மெஷினில் இருக்கும் எழுத்தும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை. ஒன்றாகத்தான் இருந்தது.

"நல்லா பாருங்க. மெஷின மாத்தியிருப்பாங்க."

"மாத்துனா எனக்குத் தெரியாதா? சந்தோசப்படுமா."

கடையில் இருந்த அத்தனை கடிகாரமும் எனக்குக் கேட்டது. கடை மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

மகளிடம் நான் சொல்லவில்லை. துரு நீக்கி, ஓடவைத்துக் கட்டிக்கொண்டாள். அவள் சமையலறையில் கை அசைக்கும்போது அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் தலை தானாக நிமிர்கிறது. அவர் கடலுக்குள் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார்?

நினைவு நாளில் வழக்கம்போல் அவருக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்துகொண்டு மூலக்கொத்தளம் போனோம். இலை போட்டு வைத்தவள் மகள்தான்.

"இன்னாம்மா, மரமாட்டம் நிக்கிற? 'யோவ், துன்னுயா'ன்னு எப்பவும் அதட்டுவியே, அதட்டு."

யோவ் என்று கூப்பிட வாய் வரவில்லை. மண்ணுக்குள் இருப்பவர் சுறா தின்கிறவரா என்பதுகூட எனக்குத் தெரியாது. எந்த வீட்டில் எவள் இன்னும் அவருக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கிறாளோ.

இலையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சாப்டுங்க" என்றேன்.

மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.