ஆயுத பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

என் சித்தப்பா ஒன்றரை வருஷம் ஒரே ஓர் எண்ணை உடைத்துக்கொண்டிருந்தார். வேலை வெட்டி இல்லாதவர் என்று வலங்கைமானில் அவருக்கு ஏற்கெனவே பெயர் இருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தவர். வேலைக்கென்று எழுதிய பரீட்சை எதற்கும் பதில் வரவில்லை. அப்பா மஸ்கட்டில் இருந்ததால், எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் ஆள் கூப்பிடுவதும் அவர் தலையில் விழுந்தன. பாய்ச்சுவதற்குத் தண்ணீரும் ஒழுங்காக வராத காலம் அது. மேட்டூரைத் திறந்தாயிற்றா என்று கேட்டுக் கேட்டே ஊர் ஓய்ந்துபோயிருந்தது.

எண்ணை உடைத்த கம்ப்யூட்டர், அப்பா லீவில் வந்தபோது கும்பகோணத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. என் படிப்புக்காக என்று பேச்சு. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன், அதை வைத்து எதைப் படிப்பது என்று எனக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. முன்னறையில் வந்து இறங்கிய மறுவாரமே அது சித்தப்பாவுடையதாகிவிட்டது.

பதினைந்தை மூன்று ஐந்து என்று உடைக்கலாம். அது எனக்கே தெரியும். சித்தப்பா உடைத்த எண் நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் நாலைந்து வரி நீளும். எந்த இரண்டு எண்களைப் பெருக்கி அதை உண்டாக்கினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ஒரு கம்ப்யூட்டர் தனியாக உட்கார்ந்தால் ஆயுசு போதாது. அதனால் வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, விருப்பமுள்ளவர்களுக்கு உலகம் முழுக்கப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கூலி கிடையாது. வாங்கிய துண்டை அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டர் இரவு பகலாகச் சலிக்கும். சல்லடையில் தங்கியதை மட்டும் அனுப்பிவைக்க வேண்டும். ஒரு துண்டு முடிய ஐந்தாறு வாரம் ஆகும். முடிந்ததும் சித்தப்பா நாலைந்து ஃப்ளாப்பிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறுவார். அங்கே பிரவுசிங் சென்டரில் அதை அனுப்பிவிட்டு அடுத்த துண்டை வாங்கி வருவார்.

உடைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். முடியுமா என்று பார்க்கிறார்கள் என்றார் சித்தப்பா. அதற்கு மேல் அம்மா கேட்கவில்லை. வீட்டில் பார்க்க வேறு வேலை இல்லாதவர்கள் போலிருக்கிறது என்று உலைக்குச் சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் எங்கோ ஒரு தேசத்திலிருந்து, இதையெல்லாம் நடத்துகிற பேராசிரியர் ஒருவர், உங்கள் துண்டு இந்தத் தேதிக்குள் வந்தால் நல்லது என்று சித்தப்பாவுக்கு ஈமெயில் எழுதுவார். ஊரில் யாரும் சித்தப்பாவிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை. அந்தக் கடிதங்களை அவர் அச்செடுத்து, தம் சர்டிபிகேட்டுகளோடு ஒரே உறையில் வைத்திருந்தார்.

அப்பா வேறொன்று எதிர்பார்த்தார். மஸ்கட்டில் தம் கம்பெனியிலேயே ஸ்டோர்கீப்பர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். இந்தத் துண்டு முடியட்டும்ண்ணே, பதில் சொல்கிறேன் என்பார் சித்தப்பா. அது முடியும், அடுத்தது வரும். அப்பாவுக்குக் கோபம் வந்து போனை வைத்துவிடுவார். எனக்கு அந்த எண் ரொம்பப் பிடித்துப்போனது அதனால்தான். அது உடையாமலிருக்கும் வரை சித்தப்பா எங்களுடன் இருப்பார். அவர் போய்விட்டால் வீட்டில் நானும் அம்மாவும்தான். காலையில் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விட ஆள் கிடையாது. ஸ்கூல் போகிற வழியெல்லாம் எண்களை வைத்து வம்பளக்க ஆள் கிடையாது. அந்த எண் கடைசிவரை உடையக்கூடாது என்று நான் வரதராஜன்பேட்டை அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் சித்தப்பா ஒரு மாதிரியாக இருந்தார். சேற்றுக்காலோடு வயலிலிருந்து வருவார். காலைக் கழுவாமலே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். திரையில் எண்கள் ஓடும். அவர் அதைப் பார்க்கிறாரா, சும்மா கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாரா என்று தெரியாது. கூப்பிட்டால் மூன்றாம் தடவை திரும்புவார். பெரிய கணக்கு யோசிக்கிறார் என்று நான் சத்தம் போடாமல் நகர்ந்துவிடுவேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்று அரிவாள், அளக்கும் மரக்கால், அம்மாவின் தையல் மெஷின், சைக்கிள், என் புத்தகங்கள் எல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் போகும். மறுநாள் காலைவரை எதையும் எடுக்கக்கூடாது. மண்வெட்டிக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. அன்றைக்குப் பார்த்துத்தான் எங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் வந்தது. சித்தப்பா விடியற்காலையிலேயே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மா சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டே, அந்தப் பொட்டிக்கும் ஒரு பொட்டு வைத்துவிடு என்றாள். பொட்டு வைக்கத்தான் சொன்னாள். நான் ஈரத்துணியோடு போனேன். தொட்டால் சுட்டது. உள்ளே விசிறி முனகிக்கொண்டிருந்தது. பூஜையன்று வேலை வாங்கப்படும் எந்த ஆயுதமும் சரஸ்வதிக்கு ஆகாது என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானும் ஓய்வெடுக்க, வருஷம் பூரா ஓடுகிற இது மட்டும் இன்றைக்கும் ஓடுவதா என்று எனக்குப் பாவமாக இருந்தது. சத்தியமாகப் பாவம்தான், விஷமம் இல்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். விசிறி நின்றது. திரையின் நடுவில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்து, ஒரு சாமந்தியையும் செருகினேன்.

சித்தப்பா மத்தியானம் வந்தார். முன்னறை வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தத் துண்டு முடிய ஒரு வாரம்தான் பாக்கி என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். அது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"எப்ப அணைச்ச?" என்றார்.

காலையில் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அவள் என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"கரண்டு போனா திருப்பிப் போடுவீங்களே தம்பி, அப்படிப் போட முடியாதா?"

சித்தப்பா திரையிலிருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வேற, அண்ணி. போச்சு."

சிறிது நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேசினால் நான் வருவதாகச் சொல்லிவிடுங்கள் என்றார். கை கால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார். இரண்டாம் தடவை சுண்டல் கேட்டு வாங்கினார். பிறகு படுத்தவர் மறுநாள் விஜயதசமியும் பாதி போனபின்தான் எழுந்தார். நான் கதவோரமாக உட்கார்ந்து அவர் தூங்குவதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். துக்கத்தில் மனிதர்கள் இப்படித்தான் தூங்குவார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கம்ப்யூட்டரை அவர் மறுபடி போடவே இல்லை. இனிமேல் நீ இதில் படம் வரைந்துகொள் என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

தை பிறப்பதற்குள் விசா வந்துவிட்டது. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது அங்கே பீறிட்டது. என்னால்தான் போகிறீர்கள் என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்தைத் துடைத்தார்.

"நீ ஒரு தப்பும் பண்ணல பாப்பா. நானே அணைச்சிருக்கணும்."

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததால் குற்ற உணர்ச்சி இன்னும் கூடியது. அதைச் சென்னைக்கும் கொண்டு போனேன், கல்யாணத்துக்குப் பிறகும் வைத்திருந்தேன். சித்தப்பா லீவில் வரும்போதெல்லாம் தம் பிள்ளைகளுக்கு வாங்குவதைவிட ஒரு படி ஒசத்தியாக எனக்கு ஏதாவது வாங்கி வருவார். அதை வாங்கிக்கொள்ளும்போது எனக்குக் கை கூசும்.

போன வருஷம் ஆபீசில் என் பக்கத்து நாற்காலிப் பையன் ஒருவன் இதே மாதிரி ஏதோ ஒரு எண்ணின் துண்டைத் தன் லேப்டாப்பில் ஓட விட்டிருந்தான். சாப்பாட்டுக்கு மணியானதும் அதைப் படக்கென்று அணைத்தான். நான் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துவிட்டேன். அவன் விநோதமாகப் பார்த்தான். கிடைப்பதையெல்லாம் அது வரி வரியாக எழுதி வைத்துக்கொண்டே போகும், திருப்பிப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும், மிஞ்சிப் போனால் சில நிமிஷ வேலை போகும் என்றான். இப்போதுதான் இப்படியா என்று கேட்டேன். எப்போதும் இப்படித்தான் மேடம், இல்லாவிட்டால் மாசக்கணக்காக ஓடுவதை எவன் ஓட்டுவான் என்றான்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் கரண்டு போகாத நாளே கிடையாது. ஒவ்வொரு தடவையும் சித்தப்பா வந்து உட்கார்ந்து இரண்டு வரி தட்டுவார், எண்கள் மறுபடி ஓடும். நூறு தடவை பார்த்திருக்கிறேன். அம்மா கேட்டதும் அதைத்தானே. அன்று அவர் சுவிட்சைப் போட்டிருந்தால் காலையில் நின்ற இடத்திலிருந்தே ஓடியிருக்கும், ஒரு வாரத்தில் முடிந்தும் இருக்கும்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பதினோரு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாரே என்று இருந்தது. போன் செய்து கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கேட்கவில்லை. இப்போது எனக்கு அன்றைய அவர் வயதைவிடப் பத்து வயது கூட. எத்தனையோ காரியங்களை நானும் இது முடியட்டும், அது முடியட்டும் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஆசையாகப் பிடித்துக்கொண்டதை யாரும் தாமாக விடமாட்டார்கள் என்றுதான் அன்று எனக்குத் தெரியும். பிடித்ததிலேயே கை ஓய்ந்துபோய், யாராவது வந்து அணைத்துவிட மாட்டார்களா என்று ஒரு மனிதர் நாள்கணக்கில் அதன் முன்னால் உட்கார்ந்திருக்க முடியும் என்பது தெரியாது.