லோகநாயகி போட்ட ஓலை முடிச்சு

‘தகவல் பாதுகாப்பில் அலட்சியம்’ என்று எழுதி லோகநாயகியை வேலையை விட்டு அனுப்பினார்கள். அலட்சியமாம்! அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த நிலையத்தில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். பெயர் பரக்கத் பீவி, ஊர் பழவேற்காடு. எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

லோகநாயகி சுண்ணாம்புக்குளத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவள். அவளுடைய நைனா அவளுக்கு விவரம் தெரிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா முனியம்மாள் ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவி, அகப்படுவதைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் ஓலைப் பறிக்குள் போட வேண்டும். வலை கிடையாது, படகு கிடையாது. படகுக்காரர்களுக்காவது பாடு என்று ஒரு முறை உண்டு. சீட்டுக் குலுக்கி இடத்தைப் பிரித்துக்கொள்வார்கள். இந்தப் பெண்களுக்கு எந்தச் சீட்டும் இல்லை. எந்த மாதத்தில் எந்தத் திட்டு ஓரமாக இறால் ஒதுங்கும் என்பது தெரியும், அவ்வளவுதான் அவர்கள் சொத்து. அது வெளியே போனால் அடுப்பில் பூனை தூங்கும்.

முனியம்மாள் மகளைத் தண்ணீரில் இறக்கவில்லை. படிக்க வைத்தாள்; பொன்னேரிக்கு அனுப்பி டைப்ரைட்டிங் கற்க வைத்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் பட்டணத்துப் பல்கலைக்கழகம் ஒன்று எங்கள் ஊரில் ஏரி ஆராய்ச்சி நிலையம் திறந்தபோது லோகுவுக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. மகள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முனியம்மாள் ஒருநாள் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். “கால்ல சேறு கீது” என்று வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நிலையத்தின் இயக்குநர் டாக்டர் வேணு. வெள்ளிக்கிழமை தோறும் பட்டணத்திலிருந்து ஜீப்பில் வருவார். இறால் எங்கெங்கே, எப்போது கிடைக்கிறது என்று ஏரி முழுக்கக் கணக்கெடுக்க வேண்டும் என்றார். பேன்ட் போட்ட ஆராய்ச்சிக்காரர்கள் குப்பம் குப்பமாகப் போய்க் கேட்டார்கள். பெண்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு திசையைக் கைகாட்டினார்கள். அந்த இடங்களில் நத்தைகூடக் கிடையாது! கடைசியில் லோகுவை அனுப்பினார்கள். அவள் முனியம்மாள் பெற்ற பிள்ளை. அவளிடம் சொன்னார்கள். அதற்கும் முன்னால் டாக்டர் வேணுவையே பூவரச மரத்தடிக்கு வரவழைத்துக் கேட்டார்கள்.

“எங்க எடம் வெளிய போவாது இல்ல சாரு?”

“இது ஆராய்ச்சிக்கு மட்டும்தாம்மா. யாருக்கும் போகாது. என் பொறுப்பு” என்றார். மார்பில் கைகூட வைத்தார் மனுஷர்.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. என் ஸ்டோரில் ஓட்டை மின்விசிறி. அதற்கு ஏசி அறை. அதைப் பார்த்துக்கொள்ளவும் எங்களுக்குச் சொல்லித்தரவும் பல்கலைக்கழகக் கணினி மையத்திலிருந்து ஞானதாஸ் என்பவர் வருவார். ரயிலும் பஸ்ஸும் மாறி, வியர்த்து வழிந்துகொண்டு, கையில் ஸ்க்ரூடிரைவர் பையோடு வருவார். நல்ல மனுஷன். பிளாப்பியை வளைக்காதீர்கள், உப்புக் காற்றில் திறந்து போடாதீர்கள் என்பதில் ஆரம்பித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த காகிதங்களை எரித்துவிடுங்கள் என்பது வரைக்கும் பொறுமையாகச் சொல்வார். நகல் ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்கச் சொன்னார். வேறு கட்டடத்துக்கு எங்கே போவது? என் வீட்டு பீரோவில், என் மகளின் கல்யாணப் புடவைக்கு நடுவே அது உட்கார்ந்தது.

“இந்த விவரத்துக்குள்ள போக ஒரு பாஸ்வேர்டு வச்சிருக்கேன்மா. அதை யார்கிட்டயும் சொல்லக்கூடாது” என்று லோகுவிடம் சொன்னார்.

“டைரக்டர் சார் கேட்டாக்கா?”

“வேணும்னா நீங்க திறந்து காட்டுங்க. சொல்லாதீங்க.”

டாக்டர் வேணுவுக்கு இது தெரிந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். “என் ஆபீஸ்ல எனக்குத் தெரியாம ஒரு டைப்பிஸ்டுக்கு ரகசியமா? எழுதிக் கொடு” என்றார். எழுதிக் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? வேலைக்கு வந்தவள்தானே! அந்தச் சீட்டை அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டார். ஞானதாஸ் சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நிலையத்தில் பிளாப்பி இருந்த இரும்பு பீரோவின் பூட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்து இற்றுவிட்டது. புதுப் பூட்டு கேட்டு நானே பட்டணத்துக்கு எழுதினேன், ஞாபகப்படுத்தியும் எழுதினேன். பூட்டு வரவில்லை. அப்போதுதான் லோகு அந்தக் காரியத்தைச் செய்தாள். பனையோலை நறுக்கு ஒன்றை நனைத்து, பீரோவின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

ஏரியில் அது ஒரு வழக்கம். பறி நிறைந்துவிட்டால் நட்டு வைத்த கழியில் மாட்டி ஓலையால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த திட்டுக்குப் போவார்கள். முடிச்சுப் போட்ட பறியை ஒருவரும் தொடமாட்டார்கள். பசித்தவனும் தொடமாட்டான், பகையாளியும் தொடமாட்டான்.

“இது இன்னாடி கூத்து?” என்றேன்.

“முடிச்சு கீதுக்கா. யாரு தொடுவாங்க?” என்று சிரித்தாள்.

தொட்டான். ஒரு வெள்ளிக்கிழமை, லோகு ஆபீஸ் வேலையாகப் பொன்னேரிக்குப் போயிருந்தபோது, டாக்டர் வேணு ஒரு விருந்தாளியோடு வந்தார். இறால் ஏற்றுமதி செய்யும் ஆள். கறுப்புக் கண்ணாடி, செண்டு வாசனை. நான் ஸ்டோர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஆள் பேனாக் கத்தியால் முடிச்சை அறுத்து ஓலையைத் தரையில் போட்டான். டாக்டர் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினார். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு காகிதத்தைத் துப்ப ஆரம்பித்தது. கரண்ட் போய்விட்டதால் ஒரு குப்பத்து விவரம் மட்டும்தான் முழுதாக வந்தது. அது முனியம்மாள் இருக்கும் குப்பம்.

“மத்த ஊரையெல்லாம் அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்துக்கலாம்” என்றார் டாக்டர், ஏதோ தன் தோட்டத்து மாங்காயைக் கொடுப்பதுபோல.

லோகு திரும்பி வந்ததும் சொன்னேன். தரையில் கிடந்த ஓலையை எடுத்துப் பார்த்தாள். “ஆராய்ச்சிக்குனு இருக்கும்கா. சாரு வாக்கு குடுத்துகிறாரு” என்றாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

திங்கட்கிழமை விடிந்தபோது முனியம்மாளும் மற்ற பெண்களும் தடவும் திட்டைச் சுற்றிக் கழி நட்டு வலை கட்டியிருந்தது. காவலுக்கு வெளியூர் ஆட்கள், கையில் தடி. பெண்கள் ஈரப் புடவையோடு, காலிப் பறியோடு நேராக நிலையத்துக்கு வந்தார்கள். இந்த முறை முனியம்மாள் சேற்றுக் காலைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஏசி அறைக்குள்ளேயே வந்து மகள் முன்னால் நின்றாள்.

“நாங்க சொன்னது உங்கிட்டதான்டி. வேற யாருகிட்ட சொன்னோம்?”

லோகு டாக்டரைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. “பூட்டு போட்டிருக்கணும்மா. நான் முடிச்சு போட்டேன். எல்லாரையும் நம்ம ஏரி ஆளுங்கனு நெனச்சுட்டேன்” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “பூட்டு போட்டிருந்தா மட்டும் இன்னா? சாவி யாருகிட்ட இருந்திருக்கும்? அந்த டாக்டருகிட்டதானே!” என்று கத்தி, நடந்ததையெல்லாம் போட்டு உடைத்தேன். பெண்கள் காறித் துப்பினார்கள்.

“மத்த ஊருங்க சொன்னதும் இதுக்குள்ள கீதாடி?” என்று கேட்டாள் முனியம்மாள்.

“கீதுமா. வெள்ளிக்கிழமை எடுத்துக்கினு போவாங்க.”

“அது அந்த ஊருக்காரங்க சொன்னது. போய் அவங்கள கேளு.”

போனாள். லீவு போட்டுவிட்டு, விவரம் கொடுத்த ஒவ்வொரு குப்பத்துக்கும் நடந்தே போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சில இடங்களில் ஏச்சு வாங்கினாள். ஓரிடத்தில் ரங்கம்மாள் என்ற கிழவி மீன் கழுவிய தண்ணீரையே அவள் மேல் ஊற்றினாள். ஆனால் எல்லா ஊரும் சொன்ன பதில் ஒன்றுதான்: அழிச்சுடு.

வியாழக்கிழமை மத்தியானம், எல்லோரும் ஆபீசில் இருக்கும்போதே, லோகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் வீட்டுக்குப் போய்ப் புடவைக்கு நடுவிலிருந்த நகலை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். வெறுமனே நீக்கினால் திரும்ப எடுத்துவிட முடியும், அடியோடு அழிக்க ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று ஞானதாஸ் சொல்லித்தந்திருந்தார். பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் நிச்சயந்தானா என்று திரை கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று தட்டினாள். காகிதங்களை அவள் முன்பே எரித்திருந்ததால் மிச்சம் எதுவும் இல்லை.

மறுநாள் டாக்டர் வேணுவும் கறுப்புக் கண்ணாடியும் வந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “பல்கலைக்கழகச் சொத்தை அழிச்சிருக்கே!” என்று டாக்டர் கூரை அதிரக் கத்தினார்.

“சொன்னவங்க அழிக்கச் சொன்னாங்க சார்” என்றாள் லோகு.

விசாரணைக்கு மூன்று பெரிய மனுஷர்கள் வந்தார்கள். பார்த்ததையெல்லாம் சொன்னேன். இயக்குநர் தன் நிலையத்துத் தகவலைப் பார்ப்பது எப்படித் தவறாகும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அது அவர் தகவலா? சேற்றில் அவரா குனிந்தார்? மார்பில் கைவைத்துக் கொடுத்த வாக்கைப் பற்றிக் கேட்டேன். அது கோப்பில் இல்லையாம். ஞானதாஸ் லோகுவுக்கு ஆதரவாக எழுதிக் கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டார்கள். அறுந்த ஓலையை மேஜைமேல் வைத்து, “இதுதான் உங்க ஊர்ப் பூட்டா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அறுத்தவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை; முடிச்சுப் போட்டதைத்தான் அலட்சியம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

பறிபோன திட்டு திரும்பக் கிடைக்கவில்லை. மற்ற குப்பத்துத் திட்டுகள் தப்பித்தன. தன் பிள்ளையை எந்தத் தண்ணீரில் இறக்கக்கூடாது என்று முனியம்மாள் நினைத்தாளோ, அந்தத் தண்ணீரிலேயே லோகு இறங்கினாள். அவளைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு இடம் காட்டியது, மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிய அதே ரங்கம்மாள்தான்.

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம் பழவேற்காட்டுத் துறையில் லோகுவைப் பார்த்தேன். கை விரலெல்லாம் இறால் முள் கிழித்த தழும்பு. பறி நிறைய, விரல் பருமனுக்கு இறால் துள்ளிக்கொண்டிருந்தது.

“அடியே, இவ்ளோ பெரிய இறால எங்கடி புடிச்ச?” என்று கேட்டுவிட்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். “உங்கிட்ட கூட சொல்லமாட்டேன்கா” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மகளின் கல்யாணப் புடவைக்கு நடுவில் நகலை வைத்துக் காத்தவளாயிற்றே நான்! பிறகு அவள் விரல்களைப் பார்த்தேன். கோபம் வந்த வழியே போய்விட்டது.

“சொல்லாதடி” என்றேன். “எவன் கேட்டாலும் சொல்லாத.”